சின்னாலஞ்சேரி ஸ்படிகம்

பூமாலை அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் காலில் செருப்பு இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள் என்பது பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. செருப்பு எங்கே என்று கேட்டதற்குக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே அது தெரிந்த மாதிரி இருந்தது.

சவுரிராயன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். அதற்கு முன்னால் செங்கல் சூளையில் தலைச்சுமை தூக்கியவன். அழுகிற ஜனங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். அழக்கூடத் தோன்றாமல் நிற்கிறவர்களைத்தான் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வீடு அன்புச்செல்வியுடையது. கனிமவளத் துறையில் கல்லையும் மண்ணையும் சோதிக்கும் புவியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குவாரித் தகராறு, போலி ரத்தினக்கல், புதையல் பித்தலாட்டம் என்று எது நடந்தாலும் விழுப்புரத்திலிருந்துகூட ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் எங்கே போனாலும் சவுரிராயனின் ஆட்டோவில்தான் போவார். ஏற்றிக்கொண்டு போகிற சாக்கில் சவுரிராயன் வழக்குக்குள்ளும் ஏறிக்கொள்வான். இறக்கிவிட அவருக்கு மனசு வராது.

"உள்ள வந்து உக்காரும்மா. தண்ணி குடி, அப்புறம் சொல்லு" என்றார் அன்புச்செல்வி.

பூமாலை தண்ணீரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே சொன்னாள். பிரம்மதேசம் தாண்டி உள்ளே போனால் அவள் ஊர், சின்னாலஞ்சேரி. அந்த ஊர்க் கோயிலில் சாண் உயரத்தில் ஒரு ஸ்படிக லிங்கம் உண்டு. தெளிந்த தண்ணீரைப் பிடித்து நிறுத்தினது போல இருக்கும். கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடந்ததில், கருவறைக்கும் முன் மண்டபத்துக்கும் தரை போட்ட மேஸ்திரி அவள் புருஷன் மாசிலாமணி. வேலை நடந்த நாளெல்லாம் லிங்கத்தை மரப்பெட்டியில் வைத்துப் பக்கத்து அறையில் பூட்டியிருந்தார்கள். சாவி குருக்களிடம். ஆனால் சிமெண்டு மூட்டை அடுக்கினதும் அதே அறைதான் என்பதால் மாசிலாமணியும் போக வர இருந்தான். போன வாரம் லிங்கத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார்கள். வைத்த பிறகு, கோயில் கமிட்டிச் செயலாளர் தமிழ்மணி, லிங்கத்தில் பழைய ஒளி இல்லையே என்று ஒரு பேச்சை எடுத்தார். நேற்று விழுப்புரத்திலிருந்து ரத்தினக்கல் பார்க்கும் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது ஸ்படிகமே இல்லை, கண்ணாடி என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். ஊரே மாசிலாமணி மேல் விழுந்தது. வீட்டைக் கொத்திப் பார்த்தார்கள். கேப்பை வைத்திருந்த பானையை உடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனை மோட்டார் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"போலீசுக்குச் சொல்லலையா?" என்று சவுரிராயன் முந்திக்கொண்டு கேட்டான்.

வேண்டாம் என்று தடுத்ததே தமிழ்மணி ஐயாதான் என்றாள். கேஸ் என்று போனால் சாமி கோர்ட்டில் பல வருஷம் கிடக்கும், ஊர் பேரும் கெடும். பொய்ச் சாமி கோயிலில் இருக்கக்கூடாது. அதை மரக்காணம் கடலில் தானே கொண்டு போய்ப் போட்டுவிட்டு, புதுசாக ஒரு ஸ்படிகம் செய்து கொண்டுவருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

"எங்கள மட்டும் இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊர உட்டுப் போவச் சொல்றாங்க. தமிழ்மணி ஐயா இல்லாட்டி எங்க ஊட்டுக்காரர அடிச்சே போட்ருப்பாங்கம்மா. அவருதான் குறுக்க வுழுந்து தடுத்தாரு."

அன்புச்செல்வி இரண்டே கேள்விகள் கேட்டார். உன் புருஷன் என்ன சொல்கிறான்? எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னான், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. லிங்கத்தை எப்போது கடலுக்குக் கொண்டு போகிறார்கள்? உச்சி பூஜை முடிந்ததும்.

அவர் எழுந்து துணிப்பையில் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். கூடவே மேசை மேல் கிடந்த தெளிவான ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டார். சாய்ந்த செங்கல் போல இருக்கும் அந்தக் கல்சைட் கல்லைக் காலையில்தான் சவுரிராயன் பேப்பர் மேல் வைத்துப் பார்த்திருந்தான். அடியில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வளர்ந்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் அவன். "ஒத்த எழுத்தப் படிக்கவே எனக்கு நாக்கு தள்ளுது, இது வேற ரெட்டிப்பு பண்ணிக்கினு கீது மேடம்" என்று அப்போது சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆட்டோ பிரம்மதேசம் தாண்டியது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடி தரையோடு படர்ந்து கிடந்தது. வழியெல்லாம் சவுரிராயன் குருக்கள்தான் திருடன் என்று நிரூபித்துக்கொண்டே வந்தான். சாவி அவரிடம், பெட்டி அவரிடம், இனி என்ன வேண்டும்? பின் சீட்டிலிருந்து அன்புச்செல்வி, பள்ளத்தைப் பார்த்து ஓட்டு என்று மட்டும் சொன்னார்.

சின்னாலஞ்சேரித் தெருவில் ஜனம் இருந்தது, சத்தம் இல்லை. சாவு விழுந்த ஊர் மாதிரி அவரவர் வாசலில் அவரவர் நின்றிருந்தார்கள். பூமாலை இறங்கியதும் அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டது.

மண்டபத்தில் கமிட்டித் தலைவர் வெங்கடாசலம் தரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய விவசாயி, நல்ல உடம்பு. அந்த உடம்பு ஒரே ராத்திரியில் உள்ளுக்குள் இடிந்துபோன சுவர் மாதிரி சரிந்து கிடந்தது. பரம்பரையாகக் காத்த சாமி தன் காலத்தில் கண்ணாடியாகப் போய்விட்டதே என்பதுதான் அவர் வாயில் திரும்பத் திரும்ப வந்தது. அன்புச்செல்வி யார், எந்த ஊர், எந்த மனுஷாள் என்று விசாரித்தார்.

"திண்டிவனங்க. கல்லு ஆபீசுல இருந்தேன்" என்றார் அன்புச்செல்வி. எந்த மனுஷாள் என்ற கேள்வி தன் காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பூமாலைக்கு ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார் ஒருவர். வெள்ளைச் சட்டை, இதமான குரல். அவர்தான் தமிழ்மணி. வெங்கடாசலத்தின் மனைவி கோவிந்தம்மாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. தாராளமாகப் பாருங்கள், தொட மட்டும் கூடாது, குருக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தாழ்மையாகச் சொன்னார். உச்சி பூஜைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, ஜல்தியாகப் பார்த்துவிட்டால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்புச்செல்வி கருவறைக்கு நேர் எதிரே, ஆண்கள் வரிசை நிற்கும் இடத்தில் நின்று பார்த்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் லிங்கம் இருந்தது. சவுரிராயனுக்கு அது கண்ணாடியா கல்லா என்று சொல்லத் தெரியவில்லை. லிங்கத்துக்குப் பின்னால், மேலே வளைந்த வெள்ளித் திருவாசியிலிருந்து முடி அளவு மெலிசாக ஒரு வெள்ளிக் கம்பி நேராக இறங்கியது. வில்வ இலை கோத்துத் தொங்கவிடுகிற கம்பி. அது லிங்கத்துக்குள்ளே ஊடுருவி, ஒரு கோடாக, சுத்தமாகத் தெரிந்தது.

மண்டபத்தின் இடப்பக்க மூலையில் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அது பெண்கள் நிற்கும் பக்கம், தரைச் சிமெண்டு இன்னும் காயவில்லை என்றார் தமிழ்மணி.

தூணோரம் ஓர் இளைஞன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் கல் பார்க்க வந்த ராஜ்குமார். புதுச் சாமி செய்யக் கல் பார்க்க வேண்டும் என்று சொல்லி இன்றைக்கும் வரவழைத்திருக்கிறார்கள். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷனை இப்படி அடிப்பார்கள் என்று அவன் நினைக்கவே இல்லை. அன்புச்செல்வி அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். எப்படிச் சோதித்தாய் என்று மிரட்டாமல் கேட்டார். ஸ்படிகம் வழியாக ஒரு முடியைப் பார்த்தால் இரண்டு முடியாகத் தெரியும், கண்ணாடி என்றால் ஒன்றாகவே தெரியும், அப்படித்தான் படித்திருக்கிறேன் என்றான். இங்கே பின்னால் இருந்த கம்பியே முடி மாதிரி இருந்தது. அது ஒன்றாகத் தெரிந்தது.

"லிங்கத்தைத் திருப்பிப் பாத்தியா?"

"கேட்டேன் மேடம். பிரதிஷ்டை பண்ணின சாமிய அசைக்கக் கூடாதுன்னாங்க. ஆம்பளைங்க நிக்கற எடத்துலேந்தே பாருன்னாங்க."

"யாரு சொன்னது?"

"செயலாளர் சார்தான் கூட்டிக்கினு போய் நிறுத்தினாரு."

அன்புச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டார். நீ படித்தது சரிதான், பாதிதான் படித்திருக்கிறாய் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

இதற்குள் சவுரிராயன் வெளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். கோயில் வாசலில் தமிழ்மணியின் கார் டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு புதுப் பெட்டி. நாலு பக்கமும் பஞ்சு, பஞ்சுக்கு மேல் பட்டுத் துணி, மூடிக்கு உள்பக்கம்கூட மெத்து வைத்துத் தைத்திருந்தது. பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் படுக்க வைக்க மாட்டார்கள். அவன் மனசு உருகிப்போயிற்று.

"பொய்ச் சாமின்னு தெரிஞ்சும், கடல்ல போடற சாமிக்கும் எம்மா மரியாத பாருங்க மேடம். மனுசன்னா இவருதான்" என்றான்.

"நல்லாப் பாத்தியா? மூடியிலயும் மெத்து இருக்கா?" என்று கேட்டார் அன்புச்செல்வி. இருக்கிறது என்றதும், கொட்டகைக்கு வழி கேட்டு நடந்தார்.

மோட்டார் கொட்டகையில் மாசிலாமணி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. காவலுக்கு நின்றவன் கதவைத் திறந்த சத்தத்துக்கு, அடிக்கத்தான் வருகிறார்கள் என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். தூக்கிய கை அப்படியே நின்றது. அதைப் பார்த்த சவுரிராயன் வெளியே திரும்பி நின்றுகொண்டான். சுமை தூக்கின கையைப் பார்த்திருக்கிறான். இப்படித் தூக்கின கையைப் பார்க்க முடியவில்லை.

எடுத்தாயா என்று அன்புச்செல்வி கேட்கவே இல்லை. பெண்கள் பக்கத்துத் தரை எப்போது போட்டது என்று கேட்டார். தொழில் கேள்வி என்றதும் அவன் கை இறங்கியது.

"அதுதான் மொதல்ல போட்டது. காஞ்சி கல்லாப் போச்சி. யானை நடக்கலாம் அது மேல."

"அப்ப தார்ப்பாய் எதுக்கு?"

"தெரியாதும்மா. கட்டுன்னாரு தமிழ்மணி ஐயா. நாந்தான் கட்டினேன். எதுக்குன்னு கேக்கற வழக்கம் இல்ல."

திரும்பி வரும்போது கோயில் வேப்ப மரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோவிந்தம்மாள், அழுது முகமெல்லாம் ஊதிப்போய். அன்புச்செல்வி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாமி முன்னே எப்படி இருக்கும் என்று விசாரித்தார். இழவு வீட்டில் செத்தவர் குணத்தைக் கேட்கிற மாதிரியே கேட்டார். கோவிந்தம்மாளும் அப்படித்தான் சொன்னாள்.

"எங்க பக்கத்துலேந்து பாத்தா உள்ள கம்பி ரெண்டாத் தெரியும்மா. ஒண்ணு சாமி, ஒண்ணு அம்மன். பொம்பளைங்களுக்கு மட்டும் அம்மன் காட்சி குடுக்குதுன்னு எங்க மாமியா சொல்லுவாங்க. ஆம்பளைங்ககிட்ட சொன்னா, கண்ணாஸ்பத்திரிக்குப் போடின்னு சிரிப்பாங்க. இப்ப அம்மனும் பூட்டா, சாமியும் பூட்டாரு."

லிங்கத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்த பிறகு பார்த்தாயா என்று அன்புச்செல்வி கேட்டார். எங்கே பார்ப்பது, எங்கள் பக்கம்தான் அடைத்துக் கிடக்கிறதே என்றாள். ஆம்பிளைகள் பக்கம் போய் நிற்கிற வழக்கம் அந்த ஊரில் எந்தப் பொம்பிளைக்கும் இல்லை.

சவுரிராயனுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேடத்தின் நடை மாறியதை அவன் கவனித்தான். வழக்கு முடிந்தால்தான் அவர் அப்படி மெதுவாக நடப்பார். கமிட்டிக்காரர்கள், குருக்கள், ராஜ்குமார், வாசலில் நிற்கும் பெண்கள் எல்லாரும் மண்டபத்துக்குள் வரட்டும் என்றார். மாசிலாமணியையும் கூட்டி வரச் சொன்னார். வெங்கடாசலம் முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் ஒருவனைக் கொட்டகைக்கு அனுப்பினார்.

எல்லாரும் வந்து நின்றதும் அன்புச்செல்வி தார்ப்பாயைக் காட்டி, அதை அவிழ்க்க வேண்டும் என்றார். ஈரத் தரை, கால் பதிந்துவிடும் என்று தமிழ்மணி முன்னால் வந்தார். அன்புச்செல்வி பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே போய் நின்று, குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். சத்தம் கணீரென்று கேட்டது. சவுரிராயன் அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான்.

"தலைவரே, இங்க வந்து நில்லுங்க."

வெங்கடாசலம் தயங்கினார். அது பெண்கள் நிற்கிற இடம். பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலில் இருக்கிறார், அந்த மூலையில் ஒரு தடவை நின்றதில்லை. கூச்சப்பட்டுக்கொண்டே போய் நின்றார். லிங்கத்துக்குள் கம்பியைப் பாருங்கள் என்றார் அன்புச்செல்வி. வெங்கடாசலம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கைவிரல் இரண்டைக் காட்டினார்.

ராஜ்குமார் ஓடிப்போய் நின்று பார்த்தான். "ரெண்டு" என்றான். "ரெண்டு தெரியுது. இது ஸ்படிகம். ஐயோ, இது ஸ்படிகம்தான்." சொல்லிக்கொண்டே மாசிலாமணியின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

சாமி போகவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறது. அப்படியானால் நேற்று ராத்திரி ஒரு மனுஷனைப் போட்டு அடித்தது எதற்கு? அந்தக் கேள்வி ஒவ்வொரு முகத்திலும் வந்து விழுவதைச் சவுரிராயன் பார்த்தான்.

அன்புச்செல்வி பையிலிருந்து கல்சைட் கல்லை எடுத்தார். அவர் கேட்டதும் குருக்கள் ஒரு காலண்டர்த் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"கண்ணாடிங்கறது கொட்டிக் கெடக்கற செங்கல் குவியல் மாதிரி. உள்ள அணுவுக்கு ஒழுங்கு கெடையாது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. ஸ்படிகம் அப்படியில்ல. மேஸ்திரி வரி புடிச்சுக் கட்டின சுவர் மாதிரி, அணு எல்லாம் வரிசையா நிக்கும். அந்த வரிசைக்குக் குறுக்க, சாய்வாப் போற வெளிச்சம் ரெண்டாப் பிரிஞ்சிடும். அதான் ஒரு கம்பி ரெண்டாத் தெரியுது. ஆனா ஒரே ஒரு திசை உண்டு. அந்தத் திசையில நேராப் போனா, சுத்தி எந்தப் பக்கமும் கட்டுமானம் ஒண்ணு போலவே இருக்கும். அதனால வெளிச்சம் பிரியாது. அந்த வழியாப் பாத்தா ஸ்படிகமும் கண்ணாடி மாதிரிதான்."

கல்லைத் தாளின் மேல் வைத்தார். தேதி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கல்லின் எதிரெதிரான இரண்டு மூலைகள் தேய்த்துத் தட்டையாக இருந்தன. ஒன்றைக் கீழே வைத்து, எதிர் மூலை வழியாகக் குனிந்து பார்க்கச் சொன்னார். தேதி ஒன்றானது. வெங்கடாசலம் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்.

லிங்கம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் திசை மேல் நோக்கி இருக்கிற மாதிரிதான் செதுக்குவார்கள் என்றார் அன்புச்செல்வி. இதைச் செதுக்கினவருக்குக் கல் தடியாகவும் குட்டையாகவும் கிடைத்திருக்க வேண்டும், படுக்க வைத்துச் செதுக்கியிருக்கிறார். அதனால் ஒற்றையாகத் தெரியும் அந்தத் திசை சரியாக ஆண்கள் வரிசையைப் பார்த்து அமைந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு கம்பி. சாய்வாக நின்ற பெண்களுக்கு இரண்டு.

"ஆக, இந்த ராஜ்குமாரை ஏமாத்தணும்னா, ஆம்பளைங்க பக்கத்துல நிக்க வெச்சா போதும். திருப்பவும் விடக்கூடாது. பொம்பளைங்க பக்கத்த அடைச்சி வெக்கணும். காஞ்ச தரைய ஈரம்னு சொல்லணும். இது அத்தனையும் செஞ்சவர் ஒருத்தர்தான். ஒளி போச்சுன்னு மொதல்ல சொன்னவரும் அவர்தான். உடைஞ்சாலும் கவலையில்லாத ஒரு கண்ணாடிய, கடல்ல எறியப் போறதுக்கு, பஞ்சு மெத்து வெச்ச பெட்டி செஞ்சவரும் அவர்தான்."

யாரும் தமிழ்மணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. சவுரிராயன் மட்டும் வாசலில் நின்ற காரைப் பார்த்தான். அந்தப் பெட்டியைப் பார்த்து உருகியது அவன் மனசுதானே.

"எங்க மச்சான் எதுக்கும்மா இப்படிச் செய்யணும்?" என்றார் வெங்கடாசலம். "திருடணும்னா பெட்டியில கெடந்தப்பவே கண்ணாடிய மாத்தி வெச்சிட்டு எடுத்துக்கினு போயிருக்கலாமே?"

"முடியாதுங்க. மாத்தி வெச்சா, தார்ப்பாய அவுத்த அன்னைக்கே பொம்பளைங்க கம்பி ஒண்ணாயிடுச்சின்னு சொல்லியிருப்பாங்க. அதனால சாமிய மாத்தல. சாமியப் பத்தின பேச்ச மாத்தினாரு. கண்ணாடின்னு ஊரே நம்பிட்டா, நீங்களே தூக்கி அவர் கையில குடுப்பீங்க. திருட்டு இன்னும் நடக்கல. உச்சி பூஜைக்கு அப்புறம், உங்க எல்லார் கையாலயும் நடக்க இருந்துச்சு."

அது எல்லாம் சரிதான், ஆனால் பெண்களுக்கு இரண்டாகத் தெரிவது தமிழ்மணிக்கு எப்படித் தெரியும் என்று வெங்கடாசலம் கடைசி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆம்பிளை யாரும் அங்கே நின்றதில்லையே.

கூட்டத்திலிருந்து கோவிந்தம்மாள் முன்னால் வந்தாள்.

"நாந்தான் காட்டினேன். எங்கம்மா இவனப் பெத்துப்போட்டுட்டுச் செத்துப் பூட்டாங்க. இடுப்புல தூக்கி வெச்சிக்கினுதான் சாமி கும்புடுவேன். அம்மன் பாரு, சாமி பாருன்னு காட்டினேன். எண்ணிச் சொல்லுவான்." அவள் தம்பியைப் பார்த்தாள். "அதையாடா வெச்சிக்கினு இருந்த?"

தமிழ்மணி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. பெட்டியில் கிடந்த நாட்களில் குருக்களிடம் சாவி வாங்கி ஒரு தடவை புதுச்சேரியில் கல் தெரிந்த ஒருவரிடம் எடுத்துப் போய்க் காட்டியதையும், அவர்தான் திசையின் சூட்சுமத்தைச் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார்.

"மேஸ்திரிய நான் அடிச்சிக் கொல்ல உடல. அத மட்டும் எல்லாரும் நெனச்சிப் பாருங்க."

"விட்டிருந்தா உயிர் போயிருக்கும். போலீஸ் வந்திருக்கும். வந்திருந்தா லிங்கம் உங்க காருக்கு வந்திருக்காது" என்றார் அன்புச்செல்வி.

சவுரிராயன் தமிழ்மணியை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

வெங்கடாசலமே போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு மாசிலாமணி முன்னால் வந்து நின்றார். ஊரை விட்டுப் போக வேண்டாம், வீட்டைக் கமிட்டியே சரி பண்ணித் தரும், அடித்ததை மட்டும் நாலு பேருக்குள் பேசி முடித்துக்கொள்வோம் என்று இழுத்தார். மாசிலாமணி கேட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தான். படி இறங்கும்போது தடுமாறினான், பூமாலை தோள் கொடுத்தாள்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆட்டோவைக் கிளப்பிய சவுரிராயன் ஏரிக்கரை வழியாகத் திருப்பினான். ஜனம் வேடிக்கை பார்க்காத வழி. பூமாலை பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, பெரிய தெரு வழியாப் போங்க. மெதுவாப் போங்க. அவர் மூஞ்ச எல்லாரும் பாக்கட்டும்."

அன்புச்செல்வி உள்ளே நகர்ந்து, மாசிலாமணியை ஓரத்தில் உட்கார வைத்தார். ஆட்டோ பெரிய தெருவில் மாட்டு வண்டி வேகத்தில் போனது. வாசல்களில் நின்றவர்கள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கவும் முடியவில்லை. நேற்றுக் கேப்பைப் பானையை உடைத்தவன் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

தெரு நடுவில் கோவிந்தம்மாள் நின்றாள். கோயிலிலிருந்து குறுக்குச் சந்து வழியாக ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. சவுரிராயன் பிரேக் போட்டான். அவள் விலகவில்லை. ஆட்டோவின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாசிலாமணியைப் பார்த்துப் பேசினாள். ஆனால் கேட்டது தெருவுக்கு.

"நீ எடுக்கல மாசிலாமணி. எடுக்கப் பாத்தது எந்தம்பி. தமிழ்மணி. நான் வளத்த புள்ள. இந்தத் தெருவுல யாரு கேட்டாலும் நான் சொல்லுவேன்."

மாசிலாமணி அவளை நிமிர்ந்து பார்த்தான். திறந்திருந்த ஒரு கண்ணிலிருந்து, ராத்திரியெல்லாம் வராத தண்ணீர் அப்போதுதான் வந்தது. அவள் கம்பியை விட்டுவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

சவுரிராயன் ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கியரைப் போட்டான்.